மார்செலின் சொன்ன வசனம்

1963 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியக் காட்சியில், வட பிரான்சின் ரூபே நகரத்துத் திரையரங்கின் திரைக்குள் இருந்த நாற்பது பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளியே நல்ல பனி. பால்கனி டிக்கெட் இரண்டு பிராங்கு.

படம் எடுத்தவர்கள் பாரிஸ்காரர்கள். தொழிலாளர் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டப்போகிறோம் என்று முந்தைய கோடையில் வந்து இறங்கி, எங்கள் நூற்பாலைப் பெண்களையே நடிக்க வைத்தார்கள். இருபது வருடமாக ஆலையில் அறுந்த நூலிழைகளை முடிச்சுப் போட்டுவந்த மார்செலினுக்கு ஒரே ஒரு வசனம். மேஸ்திரியாக நடிப்பவரிடம் மனதில் இருப்பதைச் சொல் என்றார் இயக்குநர். அவளும் சொன்னாள்: “என் லூசியான் காய்ச்சல்ல கெடந்தப்ப அரை நாள் லீவு கேட்டேன். நீங்க தரல. நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள புள்ள போயிட்டான்.”

முடிந்த படம் ஊருக்கு வந்தபோது அதில் அவள் குரல் இல்லை. வடக்கத்திப் பேச்சு பாரிஸில் எடுபடாதாம். யாரோ ஒரு நடிகையின் தேன் குரலில், “எல்லாம் உங்கள் தயவு ஐயா” என்று ஒட்டியிருந்தார்கள். கீழே மெத்தை நாற்காலிகளில் இருந்த முதலாளி குடும்பங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டன. மேலே மரப்பெஞ்சில் இருந்தவர்களிடம் அது நடக்குமா? இயந்திர இரைச்சலில் காது கேட்காததால், ஆலைப் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். மேஸ்திரியை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மணிக்கணக்கில் திட்டுவார்கள்.

“அடியே, நீ சொன்னது இது இல்லியே!” என்றாள் பக்கத்தில் இருந்த யோலாந்த். “ஒன் வாய்ல சக்கரைய அள்ளிப் போட்டுட்டானுங்கடி!”

மார்செலினுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. பிள்ளை செத்ததையே இல்லாமல் ஆக்கிவிட்டார்களே. எழுந்து நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: நிறுத்துங்கடி. திரைக்குள் இருந்த பெண்கள் அதைப் படித்துவிட்டார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு, திரையில் இருந்த மார்செலின் உட்பட எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாரிஸிலிருந்து வந்து நடித்த கதாநாயகி மட்டும் நடுவில் நின்று விழித்தாள்.

திரையரங்குக்காரர்கள் படத்தின் வேறு பிரதி வரவழைத்தார்கள். அதிலும் உட்கார்ந்தே இருந்தார்கள். படம் ஓடிய லியோன், மார்செய் நகரங்களிலும் அதே கதைதான். பத்தாம் நாள் தயாரிப்பாளர் ரயில் ஏறி வந்து, திரை முன்னால் நின்று தொண்டை வறளப் பேசினார். நாற்பது வாய்கள் அசைந்தன.

“என்ன சொல்றாங்க?” என்று யோலாந்தைக் கேட்டார்.

“நாசூக்கா சொல்லவா, அவங்க சொன்ன மாதிரியே சொல்லவா ஐயா?”

மறுநாளே மார்செலினை பாரிஸுக்கு அழைத்துப் போனார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் ஒரே முறைதான் சொன்னாள். இன்னொரு முறை கேட்டதற்கு, “அவன் ஒரு தடவதான் செத்தான்” என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு திரையில் பெண்கள் பாவாடையைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். மார்செலின் தன் சொந்தக் குரலில், சொந்த ஊர்ப் பேச்சில், மகன் பெயரைச் சொன்னாள். கீழே யாரும் கண்ணைத் துடைக்கவில்லை, கைக்குட்டையை எடுக்கவே பயந்தார்கள். திரையில் இருந்த மேஸ்திரி, கதையில் இல்லாத ஒரு காரியமாக, தொப்பியைக் கழற்றினார். இன்றுவரை எந்த ஊரில் ஓட்டினாலும் கழற்றுகிறார்.