போயா நாளில் கிளினிக்குக்குப் போனவள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கேள்வியால் வந்தது. கேட்டவன் நான்தான்.

கண்டியில் பிள்ளைச் சாமான் விற்கும் ஒருவர் தன் கடை விளம்பரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். கைக்குழந்தையை இருத்தித் தள்ளிக்கொண்டு போகும் நாலு சில்லு வண்டிக்கு என்ன பெயர் போடுவது? கடைக்காரர் 'ஸ்ட்ரோலர்' என்றார். பழைய பங்களாக்காரர்கள் 'பிராம்' என்பார்கள். நான் 'குழந்தைத் தள்ளுவண்டி' என்று எழுதினேன். மூன்றுமே எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வாரம் கெலிஓயாவில் ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். ஒழுங்கையில் ஒரு பெண் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். 'இதை வீட்டில் என்னவென்று சொல்வீர்கள்?' என்று கேட்கத்தான் நினைத்தேன். பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது.

"எங்கை பிள்ளை போறீர்?"

"கிளினிக்குக்கு."

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கிளினிக் பூட்டு. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் விளங்கிவிட்டது. முகம் செத்துப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு என்னைக் கடந்து போனாள்.

(எங்கள் யாழ்ப்பாண வீடுகளில், புறப்படுகிறவரை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பார்கள். அறுபது வயதில் அதையும் மறந்தேன்.)

அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் கற்பனை அல்ல.

2.

முதல் தொடக்கம்: 'மகாவலியின் மேல் பனி மெல்ல விலகிய வேளையில், ஒரு தாய்...'

[வெட்டு. காலை பத்து மணிக்கு ஏது பனி?]

இரண்டாவது: 'பாவம் சகீனா, அவளுக்கு வீட்டில் ஆயிரம்...'

[இதையும் வெட்டு. அவளுக்கு நடக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சோகத்தைக் காரணமாகத் தேடும் என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.]

மூன்றாவது தொடக்கம் இருக்கட்டும். சகீனாவுக்கு இருபத்தாறு வயது. தெல்தெனியவில் பிறந்து கெலிஓயாவில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் அர்கம் கம்பளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிறான். மகளுக்கு எட்டு மாதம், கொழுகொழுவென்று இருப்பாள். கட்டாரில் இருக்கும் தங்கச்சி ருஷ்தா அனுப்பிய வண்டியை அந்த வீட்டில் 'புள்ளட வண்டி' என்றார்கள். நான் தேடிய சொல் அதுதான். ஒழுங்காகக் கேட்டிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

சமையல் முடிந்து பத்து மணிக்கு மகளை வண்டியில் வைத்து, ஒழுங்கையால் இறங்கி, ஆறு தெரியும் வளைவு வரைக்கும் போய்த் திரும்புவாள். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவளை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அது போதும் அவளுக்கு.

3.

இப்படி நடக்கிறவர்களுக்கு என்ன சொல் இருக்கிறது? ராசாவும் சாமியும் போனால் உலா. நான் மகள் வாங்கித் தந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கண்டி வாவியை இரண்டு தரம் சுற்றினால் 'வோக்கிங்'. ஒருவராவது எங்கே என்று கேட்டதில்லை. சீனி வருத்தத்துக்கு டொக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்து மரியாதை வேறு தருகிறார்கள்.

சகீனா நடந்தால்? ஊர் சுற்றுகிறாள். வேறு சொல்லே கிடையாதா, மூத்த மொழிக்காரரே? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

4.

முதல் நாள் எதிர்வீட்டு ஷாமில் நானா கேட்டார். த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர், தங்கமான மனிதர்.

"எங்க போற தங்கச்சி?"

"சும்மா நானா."

"சும்மாவா? புள்ளயும் கொண்டா?"

அடுத்த நாள் "கடைக்கி" என்றாள். வெறுங்கையோடு திரும்பியதை நாலு யன்னல்கள் பார்த்தன. மூன்றாம் நாள் "கிளினிக்குக்கு" என்றாள். உடனே ஒழுங்கைக்கே நிம்மதி. "பெய்த்துட்டு வாங்க, பெய்த்துட்டு வாங்க" என்று வழிவிட்டார்கள். அதன்பிறகு தினமும் அதே பதில்தான்.

கேட்பதும் ஒரு இடத்தின் பெயரைச் சொல்வதும் இங்கே வணக்கம் மாதிரி. ஆனால் தினமும் கிளினிக் போகும் பிள்ளைக்கு ஏதோ பெரிய வருத்தம் என்று நினைக்கத்தானே செய்வார்கள்? அவள் அதை யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் அந்தப் பிள்ளையின் சுகத்துக்காக எல்லோரும் கையேந்தினார்கள். அப்படிப் பிரார்த்திக்கக் கேட்டுக்கொண்டவர் ஷாமில். ஜும்ஆவுக்கு ஊர் வந்திருந்த அர்கமும் கூட்டத்தில் இருந்தான். தன் மகளுக்கு வருத்தம் என்பதை அவன் அங்கேதான் அறிந்தான்.

5.

ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, கண் சிவந்திருந்தது.

"புள்ளைக்கி என்ன வருத்தம்? ஏன் எனக்கிட்ட செல்லல்ல?"

"ஒண்டுமில்ல. நல்லாத்தான் ஈக்கி."

"அப்ப தெனமும் எங்க போன?"

"நடக்க. சும்மா நடந்த. ஆசயா இருந்திச்சி."

அர்கம் பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டான். அல்லாஹ்வைப் புகழ்ந்தான். பிறகு அமைதியாகக் கேட்டான்:

"யாரோட?"

[இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது.]

சகீனா பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவன் வண்டியை மடித்து அலுமாரிக்கு மேலே போட்டான்.

6.

முடிவுகளைப் பார்ப்போம்.

அ) அர்கம் மனம் மாறி அவளோடு சேர்ந்து நடக்கிறான். [புருஷன் பக்கத்தில் வந்தால் ஊருக்கே அது அழகாகிவிடும். எனக்கு அந்த அழகு வேண்டாம்.]

ஆ) ஷாமிலின் த்ரீவீலில் போய், கிளினிக் மர வாங்கில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறாள். [நடக்கக்கூடியதுதான். எழுதக் கை வரவில்லை.]

இ) அவள் தெல்தெனியவுக்கே போய்விட...

[இல்லை. அவள் கேட்டது ஒரு மணித்தியாலம். அதற்கு விலையாக ஒரு வாழ்க்கையை ஏன் கொடுக்க வேண்டும்?]

7.

சனிக்கிழமை பத்து மணி. அர்கம் வேலைக்குப் போய்விட்டான். சகீனா கதிரையைப் போட்டு ஏறி, வண்டியை இறக்கினாள். மகளை இருத்தினாள். படலையைத் திறந்தால், குறுக்கே த்ரீவீல்.

"ஏறுங்க தங்கச்சி. எங்க போறெண்டாலும் என்னையே கூட்டிப் போகச் சென்ன அர்கம். காசி ஒண்டும் வாணாம்."

"நான் எங்கயும் போகல்ல நானா. நடக்கப் போற. த்ரீவீல எடுங்க."

"இந்த வெயிலுக்கா? சும்மாவா?"

"ஓ. சும்மாதான்."

ஷாமில் சிரித்தார். அவருக்கு அவளுடைய சொல் போதவில்லை. வேறு யாராவது சொன்னால் த்ரீவீலை எடுத்துவிடலாம் என்பதுபோல ஒழுங்கையின் யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. சகீனா புள்ளட வண்டியின் கைப்பிடியை விடவில்லை.

நான் யன்னலுக்கு வரமாட்டேன். ஒருமுறை வாய் திறந்து செய்ததே போதும்.

மூன்றாவது யன்னல் உங்களுடையது. திரையை விலக்கி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறீர்கள். அவர் உங்களைக் கண்டுவிட்டார்.

அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். ஷாமில் இப்போது உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.