மூன்று வருடமாக அறிவேன்

ஐம்பத்தெட்டாம் வருடம் ஆனி மாதம் ஏழாம் தேதி காலையில், குற்றாலம் பேரருவியில் குளித்துக் கரையேறி, ஈரத்துண்டோடு ஒரு கையெழுத்துப் போட்ட டெபுடி ரிஜிஸ்திரார் ஒருவருக்கு, அதுவரை முகம்கூடப் பார்த்திராத ஆய்க்குடிப் பையன் ஒருவனுடைய மூன்று வருட வாழ்க்கை முழுவதும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தவர் அப்படியே பாறையில் உட்கார்ந்து, "அந்த வெள்ளைக் கன்னுக்குட்டி செத்துப்போச்சேய்யா" என்று அழ ஆரம்பித்தார். பையன் வீட்டில் கன்றுக்குட்டி செத்தது நிஜம். முந்தின வருடம் மாசியில் செத்தது. அன்றைக்குச் சாரல் சுமார்தான், ஐந்தருவியில் மூன்று கிளையில் மட்டும் தண்ணீர் விழுந்தது.

உள்ளூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணின பிள்ளை மேற்கொண்டு எதற்கு மனுப் போட்டாலும், பள்ளிக்கூடம் கொடுக்கிற நடத்தைச் சான்றிதழ் மட்டும் போதாது. பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற கெசட்டெட் ஆபீசர் ஒருவர், 'இவரை மூன்று வருடமாக நேரில் அறிவேன், எனக்கு உறவினர் அல்லர், நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதித் தரவேண்டும். தறி நெய்கிறவன், வயல் உழுகிறவன் வீட்டுப் பிள்ளையை எந்த ஆபீசருக்கு மூன்று வருடமாகத் தெரியும்? தென்காசியில் அப்பேர்ப்பட்டவர்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். ஆனால் சீசன் வந்துவிட்டால் எட்டு ஜில்லா ஆபீசர்களும் குற்றாலத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பரீட்சை முடிவும் அதே சமயம்தான் வரும். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர் அய்யாக்குட்டி. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவது அவர் தொழில். தோளைத் தொட்டதுமே ஆள் ஆபீசரா, குமாஸ்தாவா என்று சொல்லிவிடுவார். பிடரியில் கட்டைவிரல் இறங்கி, ஆபீசருக்குக் கண் சொருகி, எதைக் கேட்டாலும் 'ம்' என்கிற பதம் வரும்போது ஃபாரத்தை நீட்டுவார். பத்து வருடத்தில் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் இப்படிக் கரையேறியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட யாருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அந்த வருடம் ஏன் அப்படி ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரே மூச்சில் பதினோரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் ஒருவர் முப்பத்துமூன்று வருட ஞாபகத்தோடு எழுந்து, பதினோரு தகப்பன்மாரிடம் வாங்கின அடியும் ஒன்றாக வலிக்கிறது என்று முதுகைத் தடவிக்கொண்டே ரயிலேறினார். பிள்ளையில்லாத மதுரைக்காரர் ஒருவருக்கு மட்டும் இது ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு ஃபாரம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார். மற்றவர்கள் பேனாவை அறையிலேயே வைத்துவிட்டு அருவிக்கு வந்தார்கள். ஆனி பத்துக்குள் விஷயம் தென்காசி முழுக்கப் பரவிவிட்டது. அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காமல் கையைக் கழுவியவள் அய்யாக்குட்டியின் மகள் செண்பகவல்லி.

அவளுக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனி இருபதுக்குள் சான்றிதழ் போய்ச் சேரவேண்டும். ஊரார் ஃபாரத்தையெல்லாம் முடித்துவிட்டு, மகளுடையதை நல்ல ஆபீசராகப் பார்த்து நீட்டலாம் என்று அய்யாக்குட்டி கடைசிக்கு வைத்திருந்தார். அவளுடைய மூன்று வருடத்தில் யாருக்கும் தெரியக்கூடாத ஒரே ஒரு நிமிஷம் இருந்தது. தை மாதம், பெரிய பரீட்சைக்கு ஆள் பொறுக்குகிற செலக்‌ஷன் பரீட்சைக்கு முந்தின நாள், கணக்கு டீச்சர் மேஜையிலிருந்து கேள்வித்தாள் ஒன்றை எடுத்தாள். தலைமை ஆசிரியை வகுப்புக்குள் வந்து ஒவ்வொரு பையாகத் தேட ஆரம்பித்ததும், பக்கத்தில் இருந்த ஜாமெட்ரி பெட்டிக்குள் தாளைத் திணித்துவிட்டாள். பெட்டி ராபியாவுடையது.

ராபியா நெசவுத் தெருப் பெண். அந்தத் தெருவில் ஆறாம் பாரம், அதாவது எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பு வரைக்கும் வந்த முதல் பெண் அவள்தான். பள்ளிக்கூடம் விட்டதும் செண்பகவல்லி நேரே அவள் வீட்டுக்குப் போவாள். டீயில் மூன்று கரண்டி சீனி கேட்பாள். "டீயா குடிக்குத? பாகுல்லா குடிக்குத" என்று ராபியாவின் உம்மா ஹைருன் பீவி கேலி செய்தபடியே போட்டுக் கொடுப்பாள். அன்றைக்குத் தாள் தன் பெட்டியில் அகப்பட்டபோது ராபியா அழவில்லை. சுற்றிலும் பார்த்தாள், செண்பகவல்லியையும் பார்த்தாள், அவ்வளவுதான். டி.சி.யில் 'நடத்தை திருப்தி இல்லை' என்று எழுதி அவளை அனுப்பிவிட்டார்கள். வேறு பள்ளிக்கூடம் எதுவும் சேர்க்கவில்லை. பரீட்சை எழுதவேண்டிய பங்குனியில் ராபியா வீட்டில் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள்.

சான்றிதழ்ப் பேச்சு எடுத்ததும், "எனக்கு டிரெய்னிங் வேண்டாம்பா" என்றாள் செண்பகவல்லி.

"ஏட்டி, கூறு கெட்டுப்போச்சா உனக்கு? ஊருப் பிள்ளைக்கெல்லாம் வாங்கிக் குடுத்துட்டு என் பிள்ளைய வீட்ல உக்கார வைக்கவா? மறைக்கிறதுக்கு என்ன இருக்கு நம்மகிட்ட?" என்றார் அய்யாக்குட்டி. அவருக்கு அந்தக் கேள்வி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவளுக்கு அது மூன்று நாள் காதில் இருந்தது.

பதினெட்டாம் தேதி ஆள் கிடைத்தது. கும்பகோணம் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் அகிலாண்டேஸ்வரி, நாற்பத்தைந்து வயது, சர்க்கரை வியாதிக்காரர், காற்று மாற்றத்துக்காகப் பங்களாவில் தங்கியிருந்தார். ஊர்ப்பேச்சு காதில் விழுந்துதான் இருந்தது. "ஒரு பொண்ணோட மூணு வருஷம்தானே? என்ன முழுகிடப் போறது" என்று சிரித்துக்கொண்டே ஃபாரத்தை வாங்கினார். அய்யாக்குட்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெருமையாக நின்றார். செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பச்சைப் பேனா ஓடி நின்றது.

டாக்டர் நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. செண்பகவல்லியை அவர் ஏசவில்லை, பார்க்கவேயில்லை. "நான் என்ன காரியம் பண்ணிட்டேன்! ராபியா வீட்டுக்கு இப்பமே போணும்" என்றார். அதுவரை கும்பகோணத்துப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்த வாயிலிருந்து தென்காசிப் பேச்சு வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிக் குதிரை வண்டியைக் கூப்பிட்டார். தகப்பனும் மகளும் பின்னாலேயே ஓடி ஏறிக்கொண்டார்கள். தென்காசித் தெருவில் அதற்கு முன் கால் வைத்திராத அம்மாள், வண்டிக்காரனுக்கு இடதுபக்கம், வலதுபக்கம் என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார்.

ராபியா ராட்டையில் இருந்தாள். டாக்டர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, நூல் ஒட்டியிருந்த இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கேள்வித்தாளை உன் பெட்டிக்குள்ள வச்சது நான்தான், ராபியா. பயத்துல வச்சுட்டேன். எந்திரிச்சு நின்னு சொல்லிருக்கணும், சொல்லல."

"ஏம்மா, நீங்க யாரு? எங்க வீட்டுப் பிள்ளைகிட்ட எதுக்கு அழுதிய?" என்று ஹைருன் பீவி பதறிப்போனாள்.

வாசலில் நின்ற செண்பகவல்லி, "அவங்க இல்ல, நான்தான்" என்றாள். தறிச் சத்தம் நின்று தெருவே எட்டிப் பார்த்தது. அய்யாக்குட்டி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்துகொண்டார். ராபியா டாக்டரைப் பார்த்தாள், பிறகு செண்பகவல்லியை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"டாக்டரம்மா வராட்டா நீ சொல்லிருப்பியா?"

செண்பகவல்லி பொய்யாகவாவது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், முடியவில்லை. ராபியா டாக்டரின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். வாசல் பக்கம் மறுபடி திரும்பவில்லை.

மறுநாள் செண்பகவல்லி பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ராபியாவுக்கு எழுதினது எழுதினதுதான், அதை அடித்துத் திருத்த மேலிடத்து உத்தரவு வேண்டும் என்று பதில் வந்தது. செண்பகவல்லிக்குக் கொடுத்திருந்த நடத்தைச் சான்றிதழை மட்டும் உத்தரவு ஒன்றும் இல்லாமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆனி இருபது வந்து போயிற்று. பச்சைக் கையெழுத்துப் போட்ட ஃபாரம் அவள் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அய்யாக்குட்டி ஒரு மாதம் மகளோடு பேசவில்லை; அவர் கையில் உடம்பைக் கொடுத்தவர்கள் அந்த மாதம் வலிக்கிறது என்றார்கள்.

ராபியா பிரைவேட்டாகப் பரீட்சை எழுதலாம், ஆனால் நன்னடத்தைக்குக் கெசட்டெட் சான்று வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. டாக்டர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு அதே பச்சைப் பேனாவோடு நெசவுத் தெருவுக்கு வந்தார். இன்னொரு மூன்று வருடம் வந்து விழுமே என்று பயந்து தூணைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொம்பில் தண்ணீரோடு தயாராக நின்றார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் தூணை விட்டார். ராபியாவை மூன்று வருடமாகத் தெரியும் என்று அவர் எழுதினது உண்மை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞாபகம் அவருக்கு இருந்தது. அந்த சீசனில் குற்றாலத்திலும் தென்காசியிலும் சேர்த்துப் பொய்யில்லாமல் போடப்பட்ட கையெழுத்து அந்த ஒன்றுதான்.

ராபியா பாஸானாள், பயிற்சிக்குப் போனாள், அறுபத்தொன்றில் ஆய்க்குடியில் டீச்சராகச் சேர்ந்தாள். செண்பகவல்லியைக் குத்துக்கல்வலசையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் குற்றாலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கையெழுத்து விஷயம் பழகிப்போனது. மகனுக்கு ஃபாரம் நீட்டுவதற்கு முன்னால் அவனைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "ஆபீசருக்குத் தெரியுறதுக்கு முந்தி எனக்குச் சொல்லிருலே" என்று கேட்பது தென்காசித் தகப்பன்மாருக்கு வழக்கமாயிற்று. டாக்டர் அகிலாண்டேஸ்வரி வருடம் தவறாமல் சீசனுக்கு வந்தார். அருவிக்குப் போவதற்கு முன்பு நெசவுத் தெருவுக்குத்தான் போவார். நரைத்த தலையோடு அவர் வண்டியிலிருந்து இறங்கினால், "ராபியாகூடப் படிச்ச பிள்ளை வந்திருக்கு" என்று தெரு சொல்லும். உள்ளே இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக் கதை பேசிச் சிரிப்பார்கள். செண்பகவல்லியின் கதைகள் அவை. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு அவள் அந்த வாரம் தென்காசிக்கு வருவாள். வயிறு எரியும், வராமலும் இருக்க முடியாது.

அறுபத்தாறாம் வருடம் ஆடி இரண்டாம் தேதி, ராபியா வீட்டுக்கு எதிரே இருந்த பலசரக்குக் கடையில் செண்பகவல்லி துவரம்பருப்பு வாங்க நின்றாள். ராபியா வீட்டுக்குள் டாக்டர், டிரில் டீச்சருடைய விசிலைப் புளியமரப் பொந்தில் ஒளித்து வைத்ததையும், மறுநாள் அதை ஊதினபோது எறும்பாகப் பறந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். செண்பகவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டரும் அவளும் ஒரே இடத்தில் ஆரம்பித்து, ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே மாதிரி சிரித்ததைத் தெருவே கேட்டது.

ராபியா வாசலுக்கு வந்து பார்த்தாள். எட்டு வருடத்துக்குப் பிறகு முதல் பார்வை. பிறகு உள்ளே திரும்பி, "உம்மா, இன்னொரு டீ போடுங்க. என்கூடப் படிச்சவ நிக்கா" என்றாள்.

"அவங்களுக்குத்தான் குடுத்தாச்சேட்டி?"

"இன்னொருத்தி இருக்காள்லா, அவளுக்கு."

உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. ஹைருன் பீவிதான் டம்ளரைக் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போனாள். டாக்டருக்கு அந்த வீட்டில் சீனியில்லாமல்தான் டீ கொடுப்பார்கள், வியாதிக்காரர் அல்லவா. செண்பகவல்லி தெருவில் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். மூன்று கரண்டி சீனி போட்டிருந்தது.