கால் நீட்டிப் படுத்த புதன்கிழமை

உம்மல் குல்சும் பட்டப்பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை. மூன்று பிள்ளைகள் பெற்றபோது படுத்திருந்தாள்; அதையே கோட்டைமேட்டுக்காரர்கள் இன்னும் அதிசயமாகச் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தொன்பது வயதில் ஜிம்மில் சேர்ந்தாள் என்றால், சும்மாவா சேர்ந்திருப்பாள்?

உம்ராவுக்காகத்தான் சேர்ந்தாள். கணவனும் மனைவியுமாக மக்காவுக்குப் போக இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அங்கே ஸஃபா, மர்வா என்ற இரு குன்றுகளுக்கு நடுவே ஏழு முறை நடக்க வேண்டும்; தொங்கோட்டம் என்பார்கள். குல்சுமின் முழங்கால்களோ வீட்டு மாடிப்படிக்கே முனகின. "சக்கர நாற்காலிக்குச் சொல்லிப்போடலாம்" என்றார் கணவர் ஷேக் பரீத். இரும்புக்கடைக்காரர், எதையும் பட்டென்று முடித்துவிடுகிற ஆள். அந்த மாதக் கடைசிப் புதன்கிழமை டிராவல்ஸ்காரர்கள் போன் செய்வார்கள், அப்போது பதில் சொன்னால் போதும் என்று ஏற்பாடு.

"இருபது வருசமா துவா கேட்டுக் கெடச்ச பயணமுங்க. என்ற காலாலதான் நடப்பேன்" என்றாள் குல்சும்.

முதல் நாள், வெறும் வயிற்றோடு போனால் சீக்கிரம் இளைக்கும் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெண்கள் ஜிம்முக்குப் போனாள். பத்தாவது நிமிடம் கண் இருட்டியது. மறுநாள் அந்த வம்பே வேண்டாமென்று ஆறு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். குனியச் சொன்னால் குனிய முடியவில்லை, குனிந்த பிறகு நிமிர முடியவில்லை.

"அக்கா, வர்றதுக்கு அரை மணி முந்தி ஒரு வாழப்பழம். ஊட்டுக்குப் போனதும் ரெண்டு முட்டை, கொஞ்சம் சுண்டல்" என்றாள் பயிற்சி தரும் பெண் ஹரிதா. "அப்புறம் புதன்கிழமையானா ரெஸ்ட்டுங்க."

"ரெஸ்ட்டுனா?"

"ஒரு வேலையும் செய்யாம இருக்கறதுங்கக்கா."

"அதெப்படிக் கண்ணு செய்யறது?" என்று குல்சும் நிஜமாகவே கேட்டாள்.

சொன்னபடி அந்தப் புதன்கிழமை சமையலை முடித்துவிட்டு மாடியறையில் காலை நீட்டிப் படுத்தாள். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு சமீரா எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்ன, தெருவுக்கே தெரிந்துவிட்டது. அரை மணியில் ஆரஞ்சுப் பழம் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது, ஓதி ஊதின தண்ணீர் வந்தது. பரீத் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவோடு வாசலில் வந்து நின்றார். பார்க்க வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் அது குல்சும் வீடா? கீழே அடுப்படிக்கும் மாடிக்குமாக ஒன்பது தடவை ஏறி இறங்கி, பதினாலு டீ கொடுத்தாள்.

மறுநாள் டிரெட்மில்லில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. வீங்கிய முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

"நேத்து ரெஸ்ட் எடுத்தீங்களாக்கா?"

"எடுத்தேன் கண்ணு. பதினாலு டீ."

ஹரிதா சிரிக்கவில்லை. "இப்படியே ரெஸ்ட் எடுத்தீங்கன்னா நாற்காலிதானுங்கக்கா" என்றாள்.

அந்தச் சொல் குல்சுமுக்குச் சுருக்கென்று தைத்தது. வீக்கம் வடிந்த பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டு நிமிடம் வரை வந்துவிட்டாள். அன்று கணவரிடம், "நாளைக்கு நீங்க கடைக்குப் போவேண்டாமுங்க. நான் படுக்கோணும்" என்றாள்.

"படுத்துக்க. ஊட்டு வேலையென்ன மலையப் பெரட்டறதா? நான் பாத்துக்கறேன்" என்றார் பரீத். பாவம், தெரியாமல் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை அவள் படுத்தாள். போன தடவை பார்க்க வந்தவர்களெல்லாம் குணமாகிவிட்டதா என்று கேட்க வந்தார்கள். "உக்காருங்க, டீ குடிக்கலாம்" என்று படுத்தபடியே சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் கீழே போனார். ஒருத்திக்குச் சர்க்கரை வேண்டாம், ஒருத்திக்கு ஸ்ட்ராங்காக வேண்டும், இன்னொருத்திக்கு டீயே ஆகாது, பால்தான். கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் குல்சுமின் கால் தானாகக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தது. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டிரெட்மில்லே தேவலை என்றிருந்தது. ஆனால் அரை மணி போனதும் முதுகு மெத்தையில் படிந்தது. இவ்வளவு சுகமாகவா இருக்கும் என்று தோன்றியது; அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. பரீத் ஒன்பதாவது தடவையாக மாடி ஏறிக்கொண்டிருந்தார். கைலியைத் தூக்கிச் செருகியிருந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கடைசிப் படியில் தட்டை சமீராவிடம் நீட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி போனை எடுத்தார். குல்சும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். இருபத்தெட்டு நிமிடம் போதுமா, இவர் என்ன சொல்லப் போகிறார்?

"சக்கர நாற்காலிங்களா?" பரீத் மூச்சு வாங்கிக்கொண்டே மனைவியைப் பார்த்தார். "வேணுமுங்க. ஒண்ணு போட்டுக்கங்க."

குல்சுமின் முகம் சுண்டிவிட்டது.

"இல்லீங்க, அவ பேருக்கு வேண்டாம். அவ நடந்துருவா" என்றார் பரீத், சுவரோடு சரிந்து உட்கார்ந்துகொண்டே. "என்ற பேருக்கு எழுதிக்கங்க."