மகள் சொன்ன வார்த்தை

அவர் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவர். சோப்பிலிருந்து செருப்புவரை எழுதித் தள்ளியவர், ஒரு ஹெட்போனிடம் மாட்டிக்கொண்டு முழித்தார். அதை வாங்கப்போகும் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்று மேலாளர் பிடிவாதமாக இருந்தார். மூன்று வாரம் மண்டையை உடைத்தும் ஒன்றும் தேறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மகளோடு கல்லூரியில் ஒட்டிக்கொண்டு திரிந்த தோழி திடீரென்று பேச்சை நிறுத்தியிருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த மகள் பாதியில் உடைந்துபோனாள்.

"எல்லார் நடுவுலயும் நான் மட்டும் மியூட்ல இருக்கிற மாதிரி இருக்குப்பா. நான் பேசறது யாருக்கும் கேக்கல."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். மறுநாள் அலுவலகத்தில், "மியூட் தலைமுறை" என்றார். அறையே கைதட்டியது.

இரண்டே மாதத்தில் பேருந்து நிறுத்தமெங்கும் அந்தப் பெயர். 'மியூட்ல இருக்கியா? இதை மாட்டு!' செய்திச் சேனலில் நான்கு பேர், மியூட் தலைமுறைக்கு என்ன கோளாறு என்று ஒரு மணி நேரம் கத்தினார்கள்.

மகள் கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"அது நான் சொன்னதுதானே?"

"உன் பேரு எங்கயும் இல்லையேம்மா."

"அழுதுகிட்டே சொன்னேன்பா. அப்பவே மனசுக்குள்ள எழுதி வெச்சுக்கிட்டீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. மறுநாள்தான்..."

மறுநாள் அவர் மேலாளரிடம் போய், பெயரை மாற்றிவிடலாம் என்று கெஞ்சினார்.

"என்ன சார் விளையாடறீங்களா? ஊரே சொல்ல ஆரம்பிச்சாச்சு. இனிமே அது நம்ம கையில இல்ல."

அந்த வாரமே வேலையை விட்டார். மகளிடம் சொன்னபோது அவள் "சரிப்பா" என்றாள். கோபம் இல்லை. சொன்னதற்குப் பதில் வந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாலை, சிவந்த கண்களோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. பஸ்ல கூட்டம்."

குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. துண்டை எடுத்துக்கொண்டு அவர் கதவுக்கு வெளியே நின்றார். வெளியே வந்தவள் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.