தூசியில்லாத நாற்காலிகள்

அக்காவின் சொல்லுக்குக் கட்சிச் செயலாளர் போட்ட விலை, அடுத்த மூன்று விழாக்களுக்கான நாற்காலி ஆர்டர்.

பதவியேற்பு விழாவுக்கு அவள் தம்பியின் வாடகைக் கடையிலிருந்து ஐயாயிரம் நாற்காலிகள் போயிருந்தன. திரும்பி வந்ததும், ஆள் உட்கார்ந்து அழுக்கானதை மட்டும் துடைத்து எண்ணி நோட்டில் எழுதுவது அக்காவின் வேலை. இந்த முறை எழுதியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. மைதானம் காலி என்று எதிர்க்கட்சி கூவியதால், செயலாளருக்கு அந்த நோட்டைப் பத்திரிகைக்காரர்களிடம் காட்ட வேண்டியிருந்தது.

“அஞ்சாயிரம்னு மாத்திக் குடும்மா.”

“துடைக்காததை எழுதிப் பழக்கமில்லீங்க.”

தம்பி குறுக்கே வந்தான். “அக்கா, ஆர்டர் போனா இந்த நாற்காலியிலயே உக்காந்து ரெண்டு பேரும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு துணியை நனைத்துக்கொண்டு, அடுக்கு கலையாமல் வந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கித் துடைக்கத் தொடங்கினாள்.

“அதுல தூசியே இல்லையேம்மா!” என்றார் செயலாளர்.

“அது உங்க கூட்டத்தோட குறை. என் துணி என்ன பண்ணும்?”

மறுநாள் மாலை செயலாளர் வந்தபோது, ‘துடைத்தது ஐயாயிரம்’ என்று பொய்யில்லாமல் எழுதியிருந்தது. அடியில் இன்னொரு வரி: ‘ஆள் உட்காராத மூவாயிரத்து நூற்று அறுபதுக்குக் கூலி, செயலாளர் பாக்கி.’

“இதை எப்படிம்மா வெளியில காட்டுறது?”

“பாக்கி தீர்ந்தா அந்த வரியை அடிச்சிடுவேன்.”

அவர் பேரம் பேசிப் பார்த்தார். அவள் ஒரு நாற்காலிகூடக் குறைக்கவில்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வரியை அழுத்தி அடித்தாள். பக்கத்திலேயே எழுதினாள்: ‘வரவு சரி. பாக்கி இல்லை.’