இரண்டு அக்காக்கள்

அவள் மொழிபெயர்ப்பாளர். மறதி அதிகம். அதனால் யார் என்ன சொன்னாலும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவாள். வீட்டு மனிதர்களுக்கு ஒரு டேட்டாபேஸ், ஆபீஸுக்கு இன்னொன்று. இரண்டிலும் ஆட்களின் பெயர்கள் ஒரு பட்டியலாக இருக்கும். பெயரைத் தொட்டால் அவரைப் பற்றிய குறிப்புகள் வரிசையாக வந்து நிற்கும். யாருக்காவது ஃபோன் போடும் முன் அவர் பக்கத்தை ஒரு முறை புரட்டிக்கொள்வாள். சொந்தக்காரர்களிடம் அவளுக்கு நல்ல பெயர். எல்லாரையும் ஞாபகம் வைத்து விசாரிக்கிறாளாம்.

ஒரு சனிக்கிழமை இரண்டையும் ஒன்றாக்கினாள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்தபோதெல்லாம் 'சேர்க்கலாமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனாள். வீட்டில் 'அக்கா' என்பது கூடப் பிறந்தவள். ஆபீஸில் எல்லாரும் 'அக்கா' என்று கூப்பிடுவது மூத்த ப்ரூஃப்ரீடரை. இருவரும் ஒருவரானார்கள். தேதிகளும் எப்படியோ அழிந்துபோயின.

மறுநாள் அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்களா?"

"யாருக்குடி?"

"உனக்குத்தான்."

அக்கா நீச்சல் பயிற்சியாளர். "நான் காலைல இருந்து பிள்ளைங்களோட தண்ணில குதிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கு எதுக்கு ஆபரேஷன்?"

"சரி, பூனை காணாமப் போச்சே, கிடைச்சுதா?"

"பூனை பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் நிக்காது. ஏய், எதைப் பாத்துப் படிக்கிற?"

அவள் மழுப்பவில்லை. இருந்ததைச் சொன்னாள். அக்கா ஃபோனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அக்கா நேரில் வந்து நின்றாள். தலை இன்னும் ஈரம். குளோரின் வாசனை.

"காட்டு."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள். "இது நான். இது உங்க ஆபீஸ் அம்மா. இதுவும் அவங்கதான், நான் எந்தக் காலத்துல டீயை விட்டேன்?" அக்காவுக்குக் கோபம் குறைந்து சிரிப்புகூட வந்தது. அப்புறம் ஒரு வரி.

'அக்கா ஃபோனில் அழுதாள். வேலை இருந்தது. ஏனென்று கேட்கவில்லை.'

"இது யாருன்னு எனக்குத் தெரியல" என்றாள் தங்கை.

"எனக்குத் தெரியும்." அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட நீச்சல் கத்துக்கிற ஒரு பொண்ணு தண்ணிக்குள்ள முங்கிட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். கரைல தூக்கிப் போட்டு, நெஞ்சை அமுக்கி, மூச்சு வர வச்சேன். பொழைச்சுக்கிட்டா. அவங்க அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுக்கப்புறந்தான் எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. உடனே உனக்குத்தான் ஃபோன் அடிச்சேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கவே இல்லையே. அடுத்த வாரம் ஃபோன் பண்ணி, புது மிக்ஸி எப்படி இருக்குன்னு கேட்ட."

தங்கை நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டாள்.

"இப்பக் கேக்குறேன். முதல்ல இருந்து சொல்லு."

அக்கா சொன்னாள். அந்தப் பெண்ணின் நீலத் தொப்பி, உதட்டின் நிறம், விசில் சத்தம் நின்றுபோன அந்த நொடி எல்லாம் சொன்னாள். நடுவில் ஒரு தடவை அழுதாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எதையும் டைப் செய்யவில்லை.

முடித்துவிட்டு அக்கா மூக்கைத் துடைத்தாள்.

"எழுதி வச்சுக்கோ. இல்லன்னா மறந்துடுவ."

"மறக்க மாட்டேன்."

"மறந்துடுவடி. உன்னை எனக்குத் தெரியாதா? எழுது. இந்தத் தடவை முழுசா எழுது."

அவள் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். அக்கா மறுபடியும் முதலிலிருந்து, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.