பேசாமல் இருக்க எண்ணூறு

என் அண்ணனோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருப்பதற்கு விலை எண்ணூறு. நான் வைத்த விலை இல்லை. மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருக்கும் சாவிக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்ன விலை.

அன்று காலை துணி மூட்டைகள் வந்து இறங்கிவிட்டதாகப் பார்சல் ஆபீசிலிருந்து போன் வந்தது. கடைக்குப் பின்னால் சந்தில் நின்ற மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டுத் திருகினேன். பூட்டு திரும்பவில்லை, சாவி மட்டும் திரும்பியது. தலை என் கையில், உடம்பு பூட்டுக்குள். வண்டிக்கு என் மூத்த மகளைவிட வயது அதிகம். அவளைவிடச் செலவு குறைவு என்பதால்தான் வைத்திருந்தோம். இரண்டு தெரு தள்ளிக்கொண்டு போனேன்.

"என்ன முதலாளி, வண்டிக்கு நடைப்பயிற்சியா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமா, டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுத் தள்ளினேன்.

சாவிக்காரம்மா ஊசிபோல் ஒரு கொக்கியைப் பூட்டுக்குள் விட்டு, பல் குத்துகிற மாதிரி இரண்டு குத்து குத்தி, உடைந்த துண்டை வெளியே எடுத்தார். இரண்டு துண்டுகளையும் விளக்கடியில் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

"பல்லெல்லாம் தேஞ்சு வழவழன்னு இருக்கு அண்ணே. இதைப் பார்த்து வெட்டினா, புதுச் சாவி பொறக்கும்போதே கிழவனாத்தான் பொறக்கும். உங்க கை ஆட்டின ஆட்டத்துக்குத்தான் இது இத்தனை நாள் திறந்திருக்கு. இன்னொரு சாவி இருக்குமே? வண்டியோட ரெண்டு குடுப்பாங்களே?"

"அது அண்ணன்கிட்டே இருக்கு."

"அப்போ அதை வாங்கிட்டு வாங்க. நூறுல முடிஞ்சுரும். மாதிரி இல்லேன்னா பூட்டையே கழட்டி, உள்ளே இருக்கிற தகடு ஒவ்வொண்ணுக்கும் அளவு பார்த்து ராவணும். தொள்ளாயிரம் ஆகும்."

மாதிரியோடு நூறு, மாதிரி இல்லாமல் தொள்ளாயிரம். நடுவில் நிற்கிற எண்ணூறுதான் அண்ணன்.

எங்கள் கதை ஊருக்கே தெரியும். அப்பா விட்டுப்போன துணிக்கடையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டோம். கூரையைத் தாங்குகிற தூண் என் பங்கில் வந்து மாட்டிக்கொண்டது. ஒரு அலமாரி வைக்கிற இடத்தை அது விழுங்கிவிட்டது, அதற்கு ஈடு கொடு என்றேன். "தூண் உன் பக்கம் நின்னாலும் என் கூரையையும்தானடா தாங்குது" என்றான் அண்ணன். "அப்படின்னா வாடகை குடு" என்றேன். அவன் சிரித்தான். காசு தராததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு நடுவில் சுவர் எழுப்ப முடியாது. ஆகவே ஒரு மாதம் அவனுக்கு, ஒரு மாதம் எனக்கு. மாதம் முடிந்தால் வண்டியைச் சந்தில் நிறுத்திவிட வேண்டியது. அடுத்த முறைக்காரன் தன் சாவியைப் போட்டு எடுத்துக்கொள்வான். ஆளுக்கொரு சாவி இருந்ததால்தான் எங்களால் இவ்வளவு வசதியாகச் சண்டை போட முடிந்தது. ஒரே சாவி என்றால் மாதம் ஒரு தடவை "இந்தா" என்றாவது சொல்லியிருக்க வேண்டும். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது என் மனைவியும் அண்ணியும் பேசிக்கொள்வார்கள். அது நிர்வாகச் செலவு, நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இப்போது நான் போய் அவன் கல்லாவுக்கு முன்னால் நின்று சாவி கேட்க வேண்டுமாம். சிரிப்பான். எண்ணூறு மலிவுதான் என்று தோன்றியது. அதற்காகத் தொள்ளாயிரத்தை அப்படியே கொடுக்க முடியுமா?

"நானூறு" என்றேன்.

"நானூறுக்குப் பூட்டைக் கழட்டுவேன். மாட்டுறதுக்குத் தனியா ஐநூறு."

"தங்கச்சி, நானும் வியாபாரிதான். முதல்ல கேட்கிற விலை உனக்கே ஒப்பாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே. உங்க கடையிலே போர்வை வாங்கியிருக்கேன். மூணு தடவை படி இறங்கினப்புறம்தான் உங்களுக்கு என் முகமே ஞாபகம் வந்துச்சு."

"அது நல்ல போர்வை."

"இது நல்ல சாவி."

ஐந்நூறு, எண்ணூறு, ஐந்நூற்றைம்பது, எழுநூறு என்று ஏறி இறங்கிக் கடைசியில் அறுநூற்றைம்பதில் நின்றோம். ஐந்நூறை இப்போது வாங்கிக்கொண்டு மீதியைப் பாக்கியில் நிறுத்தச் சொன்னேன்.

"பாக்கி வைக்கிற வேலையெல்லாம் உங்க கடையோட இருக்கட்டும்" என்றார்.

அது எங்கள் அப்பா கண்டுபிடித்த தந்திரம். நல்ல வாடிக்கையாளர் கணக்கு தீர்க்க வந்தால் முழுசாகத் தீர்க்க விடக்கூடாது. சில்லறை இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று கொஞ்சத்தைத் தொங்கவிட வேண்டும். பாக்கி இருக்கிறவர் திரும்ப வருவார். வந்தவர் சும்மா போகமாட்டார்.

விலை படிந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார் என்று பார்த்தேன். பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்தார். நூல் கட்டிய புதுச் சாவி ஒன்றை எடுத்து, வண்டியில் போட்டுத் திருப்பினார். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எப்படி இதுக்குள்ளே?"

"அஞ்சு மாசமா இங்கேதான் இருக்கு. உங்க அண்ணன் வந்தாரு. அவர் சாவியும் இதே மாதிரி கழுத்தோட உடைஞ்சு போச்சு. இன்னொண்ணு தம்பிகிட்டே இருக்குன்னாரு. வாங்கிட்டு வாங்கன்னேன். வேண்டாம், பூட்டைக் கழட்டுங்கன்னாரு."

அவனும் எண்ணூறு கொடுத்திருக்கிறான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

"கிளம்பும்போது தயங்கித் தயங்கி நின்னாரு. 'ரெண்டு சாவியும் ஒரே நாள்ல பொறந்தது. என்னோடது போச்சுன்னா அவனோடதும் போகும். என்கிட்டே வரமாட்டான், உங்ககிட்டேதான் வருவான். இன்னொண்ணு வெட்டி வச்சிருங்க, காசு வாங்காதீங்க'ன்னு சொல்லிட்டு, அதுக்கும் நூறு குடுத்துட்டுப் போனாரு."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு நேரம் என் தொண்டையை வத்த வச்சே?"

"அதுவும் அவர் சொன்னதுதான். 'எடுத்ததும் சும்மா குடுத்தா, இதுல ஏதோ வில்லங்கம் இருக்குன்னு தொடமாட்டான். கொஞ்சம் பேரம் பேச விடுங்க'ன்னாரு."

நான் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கென்று ஒருவன் யோசித்து, வெட்டி, நூல் கட்டி, டப்பாவில் போட்டு வைத்திருந்த சாவி. ஐந்து மாதமாக அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் தினமும் போய் வந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. "அவன் எவ்வளவுக்கு இறக்கினான்?"

"இறக்கவே இல்லையே. கேட்டதைக் குடுத்தாரு."

"தொள்ளாயிரத்தையுமா?"

"முழுசா."

உடைந்த துண்டை எடுத்த கூலி ஐம்பது என்றார். மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தேன். அவருக்கே பயம் வந்து, "உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். வண்டியை நேராக அண்ணன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அண்ணன் ஒரு அம்மாளுக்குத் திரைச்சீலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கப்புறம் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"தொள்ளாயிரம் கேட்டா தொள்ளாயிரத்தையா தூக்கிக் குடுப்பே? அப்பா பேரைக் கெடுக்கவே பொறந்தியா?"

அவன் நிமிரவில்லை. கத்தரிக்கோல் ஓரம்வரை போய் நின்றது. துணியை மடித்து அந்த அம்மாளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கேட்டான்.

"உடைஞ்சிருச்சா? நீ எவ்வளவுக்கு இறக்கினே?"

"அறுநூத்தம்பது."

நல்ல பாட்டுக் கேட்டவன்போல் கண்ணை மூடித் திறந்தான். "நானூறுலதானே ஆரம்பிச்சே?"

"பேச்சை மாத்தாதே. நீ ஏன் ஏமாந்தே?"

"யாருடா ஏமாந்தது? அந்தம்மாகிட்டே என் தம்பி சாவியைப் பத்திரமா வச்சிருங்கன்னு கேட்கப்போறேன். அதுக்கு முன்னாடி அவங்க கூலியிலே கை வச்சா, சாவி பத்திரமா இருக்குமா?"

நன்றி சொல்லிப் பழக்கமுள்ள குடும்பம் இல்லை எங்களுடையது. அதனால் பையிலிருந்து ஐந்நூறை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். "ரெண்டு சாவிக்கும் ஆயிரம். பாதி என்னோடது."

ஐந்து நோட்டையும் விரலில் எச்சில் தொட்டு எண்ணினான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை என் பக்கம் தள்ளினான்.

"இது பாக்கி இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம்."

"அண்ணே, ஊரார்கிட்டே செய்ற தந்திரத்தை என்கிட்டேயேவா?"

"நல்ல வாடிக்கையாளர்கிட்டே மட்டும்தானடா செய்வோம். உட்காரு, டீ சொல்றேன்."

உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது. பார்சல் ஆபீசாகத்தான் இருக்கும். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்றைய தேதிக்குக் கணக்கு இப்படி நிற்கிறது. தூண் வாடகை: தள்ளுபடி. சாவிக்கு என் பங்கு ஐந்நூறு, கொடுத்தது முந்நூறு. அண்ணனுக்கு நான் தரவேண்டியது இருநூறு. ஒவ்வொரு வாரமும் கொண்டுபோகிறேன். ஒவ்வொரு வாரமும் சில்லறை இல்லை என்கிறான்.